வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் ஒரே கோடு: மதுரையில் ஒரு ஞாயிறு

அந்த ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு நான் முதலில் செய்தது, விடுதி அறையின் மெத்தையைத் தூக்கி அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியை வெளியே எடுத்ததுதான். தொண்டியிலிருந்து தூத்துக்குடி வரையிலான கரையை அதில் நானே வரைந்திருந்தேன். இஸ்திரிப் பெட்டி இல்லாத இடத்தில் சுருக்கம் போக்க இது நல்ல வழி.

துணியில் இரண்டு கோடுகள். பச்சைக்கோடு, இப்போது பாதுகாக்கப்பட்டிருக்கும் கடல்பகுதி. நீலக்கோடு, அதை எதுவரை விரிவாக்கலாம் என்று எங்கள் சிறிய குழு கேட்பது. நீலத்துக்குள் யாரும் வலை போடக்கூடாது. கடலோர ஊர்களில் மட்டும் ஆதரவு கேட்டால் போதாது, மீனை வாங்கித் தின்னும் ஊர்களும் பேச வேண்டும் என்று குழுவில் முடிவானபோது, மதுரையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். திண்டுக்கல்லில் இருப்பவளுக்கு அதுதான் பக்கம். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு என்பதால் ஊரே மீன்கடையில் நிற்கும் என்றும் ஒரு கணக்கு.

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து 6.20-க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. பசுமலை ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், இருபது நிமிடம். அங்கே காலை நடைக்கு வந்தவர்களில் பெரும்பாலும் ஆசிரியர்கள். துணியை ஒரு சுற்றுச்சுவரில் விரித்ததும் கேள்வி கேட்கவே ஆள் சேர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் 86 கையெழுத்து. இவ்வளவு சுலபமா என்று அப்போதே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நான் டீயும் வடையும் வாங்கிச் சாப்பிட்டேன், 27 ரூபாய்.

அடுத்து அவனியாபுரம். நேர் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் இரண்டு ஷேர் ஆட்டோ மாறினேன், மொத்தம் 40 ரூபாய். இரண்டாவது ஆட்டோ ஓட்டுநர் மடியிலிருந்த துணியை எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, மதுரைக்குக் கடல் வருதா?"

"வராதுண்ணே. இருக்கிற கடல் இருக்கணும்னு கேட்டு வாரேன்."

"வந்தா நல்லாருக்கும். ஏர்போர்ட்டு இருக்கு, பக்கத்துலயே ஹார்பரும் ஆச்சு. எனக்கும் சவாரி கிடைக்கும்."

சிக்னலில் நின்றபோது அவரும் கையெழுத்துப் போட்டார். அவனியாபுரத்தில் லேத் பட்டறைக்காரர் ஒருவர் மட்டும், "மீன் வெல எறங்குமா?" என்று கேட்டார். உடனே இறங்காது, குஞ்சு பொரிக்க இடம் விட்டால் பிற்காலத்தில் மீன் இருக்கும் என்றேன். "அம்புட்டு நாளு கழிச்சா? சரி, எம்பய திங்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். பதினொரு மணிக்கு மொத்தம் 143.

பழங்காநத்தத்துக்கு ஐந்து கிலோமீட்டர், 11.40-க்குப் போய்ச் சேர்ந்தேன். மீன்கடைக்கு ஞாயிறு எட்டு மணிக்குப் போகாதீர்கள், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நான் போனபோது கூட்டம் வடிந்து, ஒரு கடையில் நூர்ஜஹான் அக்கா பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கணவர் விடியும் முன் மொத்தச் சந்தையில் எடுத்து வருவதை இவர் வெட்டி விற்கிறார். துணியைக் காட்டினேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த நீலக்கோட்ட எந்தக் காத்துல போட்டீக? வாடையிலயா, கச்சான்லயா?"

புரியவில்லை என்றேன்.

"என் தங்கச்சிய மண்டபம் பக்கம் கட்டிக்குடுத்திருக்கு. அவ வீட்டுக்காரரு நாட்டுப்படகுல போறாரு. கச்சான், அதான் மேக்காத்து, அடிக்கையில வடகடல்ல தொழில். வடக்க இருந்து வாடை எறங்கிட்டா அங்க வலை போட முடியாது. படகக் கொண்டுட்டு தென்கடலுக்கு வந்துருவாரு. இங்கன." அவர் விரல் நீலக்கோட்டுக்குள் நின்றது. "நான் கடலப் பாக்க வேணாம். ஐப்பசி பாதியானா எனக்கு வார பெட்டியில மீனே மாறிப்போகும்."

நாங்கள் கரைக்குப் போனது கச்சான் அடிக்கும் ஆனி மாதம். இரண்டு நாள் நடந்தோம். தென்கடல் பக்கம் ஒரு நாட்டுப்படகும் கண்ணில் படவில்லை. யாருக்கும் பாதிப்பில்லாத இடம் என்று நிம்மதியாக நீலக்கோட்டை அங்கே இழுத்தோம்.

"நாங்க குடுக்கிற நோட்டீஸ்ல பாரம்பரிய மீனவங்களுக்குப் பாதிப்பு இல்லன்னு எழுதியிருக்குக்கா."

"நோட்டீஸ்ல இருக்கு. கோட்டுல இல்லையே."

"அப்ப கோடே வேணாம்கிறீங்களா?"

"யாரு சொன்னா? லாஞ்சு, பெரிய விசைப்படகு, வந்து குஞ்சுங்கூட மிச்சம் வைக்காம வழிச்சிட்டுப் போகுது. அத நிப்பாட்ட எம்புட்டுக் கையெழுத்துன்னாலும் போடுறேன். இதுல போட்டா, நாளைக்கு என் தங்கச்சி மாப்ளட்ட, மதுரையில உங்க மதினியே போட்டிருக்குன்னு காட்டுவாக. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நோன்புப் பெருநாளைக்கு அங்க போவேன்?"

அவரே தங்கையின் எண்ணை என் நோட்டில் எழுதினார். "சீக்கிரம் போங்க. இன்னும் பத்துநாள்ல படக மாத்திருவாரு. போன் பண்ணிட்டுப் போங்க, சும்மா அனுப்ப மாட்டா, ஆக்கிப்போட்டுத்தான் விடுவா."

1.15-க்குப் பெரியார் திரும்பினேன். வருத்தம் இருந்தது, சோர்வு இல்லை. இந்தக் காரியத்துக்கு ஆதரவு கிடைக்கும் என்பதில் இப்போது எனக்கு முன்பைவிட நம்பிக்கை அதிகம். எங்கள் துணியை அத்தனை கவனமாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான், அவர் கேட்டதும் பாதுகாப்பு வேண்டும் என்றுதான். கடலுக்கு வெகுதூரம் என்பதால் மதுரை சுலபம் என்று நினைத்தது என் தவறு. தூரத்தில் இருப்பவர் சட்டென்று போட்டுவிடுகிற கையெழுத்து, பக்கத்தில் இருப்பவரின் அடுப்பை அணைக்கலாம்.

இதுபோல் கிளம்புகிறவர்களுக்கு: வரைபடத்துக்குத் தாளைவிடத் துணி மேல், மீன்கடையில் எல்லாமே ஈரம். அழியாத மை வாங்குங்கள். ஒரு நாள் செலவு, விடுதி தவிர, எனக்கு 190 ரூபாய். கையெழுத்துக் கேட்கும் முன், கரையில் உங்களுக்குச் சொந்தம் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்பவரிடம் முதலில் உட்காருங்கள். கரைக்கு ஒரு முறை போய்விட்டுக் கோடு போடாதீர்கள், காற்று மாறியதும் இன்னொரு முறை போங்கள்.

கையெழுத்துக் கட்டைப் புதன்கிழமை குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கப் போவதில்லை. அன்று காலை மண்டபத்துக்கு பஸ் ஏறுகிறேன். வாடைக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று என்று கோடுகளைப் படகுக்காரர்களே போடட்டும். பிறகு பசுமலைக்கும் அவனியாபுரத்துக்கும் போய், அந்த 143 பேரிடமும் முதலிலிருந்து கேட்பேன். குழுவில் யாருக்கும் இதை இன்னும் சொல்லவில்லை.