ஏலத்தில் எடுத்த எட்டுச் சேலைகள்

1. ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்றைக்கு வீட்டில் இருந்தது அம்மா, கலா அக்கா, நான். பக்கத்து வீட்டு வள்ளியக்கா வாசலில் நின்றிருந்தார். அப்பா இல்லை, நீலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, அதாவது காவல் வேலை, ஞாயிறும் ஷிப்ட். அவர் இருந்திருந்தால் நாலு சத்தம் போட்டு விஷயத்தை அங்கேயே முடித்திருப்பார்.

வள்ளியக்கா கொக்கி வைக்க ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்தவர். கலா அக்கா தைத்து முடித்த குஷன் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்னொன்றுக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

“கலா, கொஞ்சம் எந்திரி.”

“ஏங்க்கா, நான் என்ன பண்ணேன்?”

“எந்திரிலா.”

வள்ளியக்கா குஷனைக் கையில் எடுத்து அதன் அரக்குக் கரையை விரலால் தடவிப் பார்த்தார். “எம் மவ ஆபரேஷனுக்கு வேண்டிக்கிட்டு அம்மனுக்கு நான் சாத்துன சேலை இது.”

அம்மா மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

2. ஆர்டர்

வீட்டில் குஷன் தைத்துப் பிழைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

சி ரூசா கடற்கரைச் சாலையில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு மேடம் முப்பது குஷன் கேட்டிருந்தார். ஒன்று இருபத்திரண்டு மலேசிய வெள்ளி. அடுத்த சனிக்கிழமை அவரிடம் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து தங்குகிறது. “சேலைத் துணியில கிராண்டா இருக்கணும் தம்பி. நல்லா வந்துச்சுன்னா கர்ட்டன், பெட்ஷீட் எல்லாம் மாசா மாசம் உங்களுக்கே” என்றார்.

அம்மா பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவும் வேலை பார்க்கிறார். முட்டி இரண்டும் போய்விட்டது. மாதா மாதம் தையல் வந்தால் அந்த வேலையை விட்டுவிடலாம். எங்கள் மூவருக்கும் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் டிப்ளோமா வரை படித்தவன் நான். செலவைக் குறைப்பது என் பொறுப்பு என்று நானாக எடுத்துக்கொண்டேன். குஷன் பஞ்சைத் தனியாக வாங்கினால் விலை அதிகம். சூப்பர்மார்க்கெட்டில் ஏழு வெள்ளித் தலையணை ஒன்றைப் பிரித்தால் இரண்டு குஷனுக்குக் காணும். ஜிப் வேண்டாம், பின்பக்கம் இரண்டு துண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி தைத்தால் போதும். உள்பை பதினேழு இஞ்ச் என்றால் மேல் கவர் பதினாறுதான் இருக்க வேண்டும், அப்போதுதான் குஷன் உப்பலாக நிற்கும். சேலைத் துணி மெல்லிசு, அதனால் முன்பக்கத்துக்கு மட்டும் உள்ளே இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸ். இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

சேலைதான் இடித்தது. கடையில் ஒரு சேலை நாற்பது வெள்ளிக்குக் குறைந்து இல்லை. எஸ்டேட் கோயிலில் திருவிழா முடிந்த வாரம், அம்மனுக்குச் சாத்திய சேலைகளை ஏலம் விடுவார்கள். கடைசியில் யாரும் கேட்காமல் எட்டுச் சேலை மிஞ்சியது. ஒன்று எட்டு வெள்ளி என்று மொத்தமாக எடுத்தேன். “அம்மாவுக்கா தம்பி?” என்று கோயில் செயலாளர் கேட்டார். “வீட்டுக்குத்தான் அண்ணே” என்றேன். பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை. அம்மாவிடம் “சிரம்பான்ல மலிவா கிடைச்சுச்சு” என்றேன். அது முழுப் பொய்.

ஒரு முந்தானையில் நாலு குஷன் முகம் வரும். எட்டு முந்தானையையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டேன்.

3. “பிரி”

“கோயில்ல வாங்குனியா?” அம்மா என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“காசு குடுத்துத்தானமா வாங்குனேன். ஏலத்துல எடுத்தா எடுத்தவங்களுக்குத்தானே சொந்தம்?”

“கட்டிக்கத்தான்டா ஏலம் விடுறாங்க” என்றார் வள்ளியக்கா. “அம்மன் கட்டுன சேலைய நாம கட்டுனா நல்லதுன்னுதான். எவனோ பீச்சுல குளிச்சிட்டு வந்து மணலோட உக்காரவா? கால் போடவா?”

“அக்கா, தெரியாம…”

“தெரியாமவா? படிச்ச புள்ள. ஏன் உங்கம்மாகிட்ட மறைச்ச?”

நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

பத்தொன்பது குஷன் முடிந்திருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருந்தால் மேடத்துக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கலா அக்காகூட மெதுவாக, “அம்மா, வள்ளியக்கா சேலைய மட்டும் எடுத்துட்டு மத்தத…” என்று இழுத்தாள்.

அம்மா தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிளேடை எடுத்து என் முன்னால் வைத்தார். “எல்லாத்தையும் பிரி.”

பிரிப்பது தைப்பதைவிடப் பெரிய வேலை. நான் பத்துப் பிரித்தேன், அக்கா ஒன்பது. பட்டுநூல் பிசிறிக்கொண்டு வந்தது. ஒட்டிய கேன்வாஸ் வரவே இல்லை. வள்ளியக்கா போகாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, “என் சேலையில மிச்ச உடம்புத் துணி எவ்வளவு இருக்கு?” என்றார்.

“மூணு மீட்டர் இருக்கும்க்கா.”

“எம் மவளுக்குப் பாவாடை தச்சுக் குடு. அவ இடுப்புல இருந்தாலாவது சரி.” ரவிக்கையைத் திரும்பக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். கொக்கியை வேறு யாரிடமோ வைத்துக்கொண்டார்.

4. அதற்குப் பிறகு

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

“நல்ல வேளை சொன்னீங்க. எங்க சர்ச்சுல பலிபீடத்துத் துணிய வெட்டி யாராச்சும் குஷன் தச்சா நான் சும்மா இருப்பேனா? ஆனா தம்பி, எனக்கு சனிக்கிழமை வேணும்லா. கல்யாணக்காரங்களுக்கு நான் என்ன சொல்றது?”

சிரம்பானில் மூன்று கடை ஏறி இறங்கி, கரை போட்ட துண்டுத் துணிகளைப் பேரம் பேசி வாங்கினேன். வாரம் முழுக்க அம்மா பள்ளியிலிருந்து வந்து நேராக மெஷினில் உட்கார்ந்தார். சனிக்கிழமை இருபது குஷன்தான் கொடுக்க முடிந்தது. மீதிப் பத்து திங்கட்கிழமை போனது, கல்யாணக் கூட்டம் கிளம்பிய பிறகு. மேடம் கோபப்படவில்லை. குஷனுக்கு இரண்டு வெள்ளி குறைத்துக்கொண்டார். கர்ட்டன் வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்.

வெட்டிய துண்டுகளைக் கோயிலுக்குக் கொண்டு போனோம். செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கேன்வாஸ் ஒட்டி விறைப்பாத்தான் இருக்கு. அம்மன் தலைக்கு மேல கட்டுற விதானமா தச்சுக் குடுத்துருங்க” என்றார். அதையும் அம்மாதான் தைத்தார். கூலி கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். துணி மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள். வாங்கும் இடத்தில், எதற்கு வாங்குகிறோம் என்பதை வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் துணியை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் எட்டு மாதம் கழுவினார். அதற்கு எப்படி விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மற்றதைக் கூட்டிப் பார்த்தேன். சேலை, வீணான கேன்வாஸ், புதுத் துணி, மேடம் குறைத்தது, துண்டுகளைக் கோயிலில் கொடுத்த அன்று அம்மா பேருக்குச் செய்த அர்ச்சனை, எல்லாம் சேர்த்து முந்நூற்று இருபத்தைந்து வெள்ளி.