இடது பக்கத்துக் கீகள்

அந்தத் தெருவில் லேப்டாப் ரிப்பேர்க் கடைகள் ஆறு. ஐந்தில் ஆண்கள், ஒன்றில் ஸ்க்ரூ அக்கா. கழற்றிய ஸ்க்ரூக்களை வரிசை மாறாமல் காந்தத் தட்டில் அடுக்குவாள். மூடிய பிறகு ஒன்று மிஞ்சினால் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி பிரிப்பாள். வாய் பொல்லாது, கை சுத்தம். நன்றாக இருக்கும் பாகத்தைக் கெட்டுப்போனதென்று சொல்லி மாற்றியதே கிடையாது. அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சேர்த்த கர்வம்.

எதையும் அவளேதான் சோதிப்பாள். லேப்டாப்பைக் கொண்டுவந்தவர்கள் கையை நீட்டினால், "நீங்க தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். அந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

ஏலக்காரரின் மனைவி லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். ஏலக்காரர் முப்பது வருஷம் சந்தையில் தொண்டை கிழிய ஏலம் கூறியவர். போன வருஷம் ஒரு நரம்பு வியாதி வந்து பேச்சைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அவர் டைப் அடிப்பார், லேப்டாப் அதைப் படித்துச் சொல்லும்.

"இடது பக்கத்து கீயெல்லாம் சரியா விழ மாட்டேங்குதும்மா. கை நல்லா இருக்கற வரைக்கும் இப்படிப் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இது இல்லாட்டி அவருக்கு வாயே இல்ல."

ஸ்க்ரூ அக்கா ஒவ்வொரு கீயாக அழுத்தினாள். எல்லாம் விழுந்தன. இருந்தாலும் தூசியை ஊதி, கீபோர்டின் பட்டைக் கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அந்த அம்மா திரும்பி வந்தார். அதே இடது பக்கம்.

ஸ்க்ரூ அக்காவுக்குச் சுருக்கென்றது.

"உண்மையைச் சொல்லுங்க. தண்ணி கிண்ணி ஊத்தினீங்களா?"

அந்த அம்மா துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்.

"ஆமா. ஊத்திட்டேன். என் தப்புதான்."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு வேலை மிச்சம்!" என்று பிடித்துக்கொண்டாள் ஸ்க்ரூ அக்கா. திட்டிக்கொண்டே பிரித்தாள். உள்ளே ஈரமும் இல்லை, கறையும் இல்லை. தண்ணீர் பட்டது சில சமயம் கண்ணுக்குத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புது கீபோர்டு போட்டாள். தானே அழுத்திப் பார்த்தாள். மழை மாதிரி விழுந்தது எழுத்து.

நான்கு நாள் கழித்து, "மறுபடியும் அதே இடது பக்கம்தாம்மா. வீட்டுக்கே வந்து பாத்துடுங்களேன்" என்று அந்த அம்மா போன் செய்தார். தன் வேலையில் குறை என்றால் ஸ்க்ரூ அக்காவுக்குத் தூக்கம் பிடிக்காது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஜன்னலோர மேஜையில் ஏலக்காரர் உட்கார்ந்திருந்தார். மனைவி அவருக்குப் பின்னால் நின்றார். அன்றைக்குத்தான் ஸ்க்ரூ அக்கா முதன்முதலாக, "நீங்களே அடிங்க சார், பாக்கறேன்" என்றாள்.

வலக்கை சரளமாக ஓடியது. இடக்கை விரல்கள் சரியான கீயின் மேல்தான் போய் உட்கார்ந்தன. ஆனால் கீ இறங்கவில்லை. மறுபடி உட்கார்ந்தன. இறங்கவில்லை. அவள் தன் விரலை அவர் விரல்மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். எழுத்து விழுந்தது.

சிந்தாத தண்ணீரை அந்த அம்மா ஏன் சிந்தியதாகச் சொன்னார் என்பது ஸ்க்ரூ அக்காவுக்கு இப்போது விளங்கியது: பழுது கீபோர்டில்தான், அவர் கையில் இல்லை என்று இருக்கட்டுமே என்றுதான். அதற்குப் போய்த் திட்டினோமே என்று தன் நாக்கைத் தானே சபித்தாள். புது கீபோர்டும் கெட்டுவிட்டது என்று சொல்லலாம், இன்னும் நாலு நாள் ஓட்டலாம். ஆனால் டாக்டரைப் பார்க்க இவர்களுக்கு அந்த நாலு நாளும் வேண்டும்.

"அம்மா, கீபோர்டுல ஒண்ணும் இல்ல. சாரோட விரல்லதான் பலம் குறைஞ்சிருக்கு. டாக்டரை உடனே பாத்துடுங்க."

அந்த அம்மா காதில் விழாதவர் மாதிரிக் கெஞ்சலாக, "இன்னொரு கீபோர்டு மாத்திப் பாருங்களேன்" என்றார்.

ஸ்க்ரூ அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏலக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வலக்கையின் ஒற்றை விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கத் தொடங்கினார். முடிக்க மூன்று நிமிஷம் பிடித்தது. ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் லேப்டாப் படித்தது:

"மாத்த வேணாம். எனக்குப் போன மாசமே தெரியும். நீ எவ்வளவு நேரம் நிப்பே, வந்து பக்கத்துல உக்காரு."