வலிக்காத கட்டி

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், புனேயில் பாணேர் பக்கம் ஒரு அபார்ட்மெண்டின் ஒன்பதாவது மாடியில் நடந்தது இது.

நான் படித்தது ஏழாம் வகுப்பு வரை. திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் சேலைக்குக் கல் ஒட்டும் வேலை என்று சுற்றிவிட்டுப் புனேக்கு வந்தேன். வீட்டுக்காரர் சூரத்திலேயே எங்கோ போய்விட்டார், தேடவில்லை. தேஹு ரோட்டில் மாலிஷ் செய்யும் மராத்திக்காரப் பெண்களோடு சேர்ந்து, பிள்ளை பெற்றவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலையைப் பழகிக்கொண்டேன். பால் கட்டிக் கல்லாகிப் போன மார்பை இளக்கிக் கொடுப்பதில் எனக்குப் பேர் உண்டு. அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது.

அந்த வீட்டில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, ஐ.டி. வேலை. பிள்ளை பிறந்து இருபது நாள். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். இடது மார்பில் அக்குள் ஓரமாகப் பால் கட்டியிருக்கிறது, கரைத்துவிட வேண்டும் என்று நாற்பது நாளைக்கு என்னைப் பேசியிருந்தார்கள்.

வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, கழுத்து, தோள், அக்குள் என்று எண்ணெயோடு இறங்கி வந்தேன். இரண்டே நாளில் மற்ற இடமெல்லாம் இளகிவிட்டது. அது மட்டும் அசையவில்லை. பிள்ளை வயிறு நிறையக் குடித்து மார்பு தளர்ந்த பிறகும், ஊறாத கொண்டைக்கடலை மாதிரி அங்கேயே இருந்தது.

மூன்றாம் நாள் மாமியார் பக்கத்தில் வந்து நின்றார். “என்னங்க, பூனைக்குட்டியத் தடவறாப்பல தடவறீங்க? அழுத்துனாத்தானுங்க கரையும்!”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கட்டைவிரலைக் கொடுத்து நன்றாக அழுத்தினேன். அந்தப் பெண் போனைப் பார்த்தபடி, “வலிக்கலைக்கா, இன்னும்கூட அழுத்துங்க” என்றாள்.

என் கை நின்றுவிட்டது. பால் கட்டிய இடத்தில் இப்படி அழுத்தினால் மகராசிகள் என் கையைத் தட்டிவிடுவார்கள். இவளோ போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளை பெற்ற வீட்டில் நோயின் பேரை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் கட்டாயம். வாய் விட்டால், இவள் வந்துதான் கண் பட்டது என்று அந்தக் கட்டிடம் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அதனால் நான் பேசவில்லை. அடுத்த நாளும் அந்த இடத்தை அழுத்துவதுபோல் பாவனை செய்துவிட்டு வந்தேன். அதற்கடுத்த நாள் என்னால் முடியவில்லை. மாமியார் பிள்ளையைக் குளிப்பாட்ட எடுத்துப் போனதும், அவளுடைய விரல்களைப் பிடித்துக் கட்டியின் மேல் வைத்தேன்.

“பிள்ள குடிச்ச பெறகும் இப்படியே இருக்கு பாரு தாயி. வலியும் இல்ல. எனக்கு இது பாலாத் தெரியல. இன்னைக்கே டாக்டர்ட்டக் காட்டு.”

அவள் விரலை எடுக்கவே இல்லை. “வயித்துல பாப்பா இருக்கறப்பவே இருந்துச்சுக்கா” என்றாள் மெதுவாக. “அப்பவே எல்லாரும் பாலுன்னுதான் சொன்னாங்க.”

ஈரக்கையோடு மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார். “பச்சை ஒடம்புக்காரிகிட்டப் பேசற பேச்சாங்க இது? கரைக்கத் தெரியலீன்னா, தெரியலீன்னு சொல்லிப்போட்டுப் போங்க!”

எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். லிஃப்ட் வந்தது, திறந்தது, தானே மூடிக்கொண்டது. சிக்கல் என்றால் ஊரை விட்டே கிளம்பிவிடுவதுதான் என் பழக்கம். அன்றைக்கு ஏனோ கால் நகரவில்லை. திரும்பிப் போய் மணியடித்தேன்.

அந்தப் பெண்ணே திறந்தாள். காதில் போன். “எங்க வீட்டுக்காரரு சனிக்கிழமை போலாங்கறாருக்கா.”

“இன்னைக்குன்னு சொல்லு.”

“இன்னைக்கே வாங்க” என்று போனில் சொன்னாள். பிறகு என்னிடம், “நீங்களும் கூட வாங்கக்கா” என்றாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி குத்தித் தசை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த வாரம் நான் எந்த வீட்டிலும் யாரையும் தொடவில்லை. என் கட்டைவிரல்தான் அதைக் கிளறிவிட்டதோ என்ற பயம்.

புற்றுநோய்தான் என்று முடிவு வந்தது. டாக்டரம்மாவிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அழுத்தியதால் வந்ததல்ல என்றார். ஆனால் என்னவென்று தெரியாத கட்டியில் கை வைக்கவே கூடாது, பால் கட்டியிருந்தாலும் இப்படிக் குத்தி அழுத்துவது தப்பு என்று கடுமையாகச் சொன்னார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?”

“மூணாம் நாளே.”

“அப்பறம் ஏனுங்க ரெண்டு நாளுச் சும்மா இருந்தீங்க?”

சொன்னதற்காக என்னை வெளியே அனுப்பியவர்தான் இதைக் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வியில் தப்பில்லை.

ஆபரேஷன் ஆயிற்று. மருந்தில் முடியெல்லாம் கொட்டி மறுபடி முளைத்தது. புட்டிப்பால் குடித்த பிள்ளை இப்போது வீடு முழுக்க ஓடுகிறது. அவளும் வேலைக்குப் போகிறாள். நான் இன்னும் மாலிஷ் செய்கிறேன், கட்டி ஏதாவது தென்பட்டால் மட்டும் முதலில் டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். இரண்டு நாளில் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று டாக்டரம்மா எனக்கு ஆறுதல் சொன்னார். ஆனால் நாற்பது நாளும் வாயைத் திறக்காமல் தேய்த்துவிட்டுப் போயிருக்கக் கூடியவள்தான் நான் என்பது எனக்கல்லவா தெரியும்.