சிரேனேக்குப் போன கப்பல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பெரியம்மாவின் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்கில் நாங்கள் இருந்த இக்காஸ்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்றோடு என் ராச்சியம் கவிழ்ந்தது. என் அறையில் பாதி போயிற்று. சன்னலோரக் கட்டில் போயிற்று. முட்டைப் பொரியலில் பெரிய துண்டு எப்போதும் அவள் தட்டில்தான் விழுந்தது. ஏன் என்று கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"நீ இஞ்ச பிறந்தனி. உனக்கு எல்லாம் கிடக்குத்தானே, பிள்ளை."

அவள் வந்த கதையும் எனக்கு வயிற்றெரிச்சலைத்தான் தந்தது. பெரியம்மாவுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தியை அனுப்பத்தான் வசதி இருந்தது. எவளை அனுப்புவது என்று முடிவெடுக்க முடியாமல், இருவர் பெயரையும் எழுதிப் பிள்ளையார் முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டார்களாம். இந்த அக்காவின் பெயர் வந்தது. லொத்தரில் முதல் பரிசு விழுந்த மாதிரி என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். பரிசாக என் அம்மா அவளுக்குக் கிடைத்துவிட்டார் என்பதே என் கவலை.

என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்றாலும், டேனிஷ் தெரியாததால் அவளை என் வகுப்பிலேயே போட்டார்கள். அந்த மாசி மாதம் பள்ளியில் ஒரு வாரம் முழுக்கக் கிரேக்கர்களைப் பற்றிய பாடம். தேரா என்ற சின்னத் தீவில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்த கதையை ஆசிரியை சொன்னார். இரண்டு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து ஒருவன் கடல் கடந்து போகவேண்டும் என்று சீட்டுப் போட்டார்களாம். போனவர்கள் பயந்து திரும்பி வந்தபோது, கரையில் நின்ற சொந்தச் சனமே அவர்களைக் கல்லெறிந்து துரத்தியதாம். வேறு போக்கிடம் இல்லாமல் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி அவர்கள் கட்டிய ஊர்தான் சிரேனே. அது தாய்த்தீவைவிடப் பெரிதாகிச் செழித்தது, குதிரைகளுக்கும் ஒரு மருந்துச் செடிக்கும் பெயர் எடுத்தது, அதன் தூண்கள் இன்றைக்கும் லிபியாவில் நிற்கின்றன. ஆசிரியை படம் படமாகக் காட்டினார். எனக்கோ அதே கதையை வெள்ளிக்கிழமை நாங்கள் நடிக்கப்போகும் நாடகத்தில் கப்பல் தலைவர் வேடம் யாருக்கு என்பதிலேயே கண்.

வேடங்களுக்கு நாங்களும் சீட்டெடுத்தோம். சப்பாத்துப் பெட்டிக்குள் கைவிட்டு நான் எடுத்த துண்டில் 'தீவில் தங்குபவர்' என்று இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அக்காவின் முறை வந்தபோது அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏலாது. நான் எடுக்கமாட்டன்" என்றாள்.

ஆசிரியை அதைக் கூச்சம் என்று நினைத்தார். இந்த வகுப்பில் உண்மையாகவே கடல் கடந்து வந்தவள் நீதானே, அதனால் தலைவி நீயே என்று சொல்லிவிட்டார். சீட்டே எடுக்காதவளுக்குத் தலைவர் வேடம்! அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"உன்ர துண்டை எனக்குத் தாறியா? நான் தீவில நிக்கிறன்."

இதைவிட என்ன வேண்டும்? உடனே நீட்டினேன். மாற்றக்கூடாது என்று ஆசிரியை தடுத்துவிட்டார். நடக்காது என்று தெரிந்துதான் அக்கா நல்லபிள்ளை வேடம் போட்டாள் என்று எனக்குள் பற்றி எரிந்தது.

வீட்டில் அம்மா, என்னைத் தொடவே விடாத தன் சிவப்புப் பட்டுச்சேலையை எடுத்து மடித்து, ஊசி குத்தி, அவளுக்குத் தலைவியின் போர்வையாக்கினார். எனக்குப் போட்டுக்கொள்ள அப்பாவின் பழைய சேட்.

"கல்லெறியிறவைக்குப் பட்டு என்னத்துக்கு?" என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாடகம். தாய் தகப்பன்மார் கோப்பியும் கேக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். உடற்பயிற்சி அறையின் நீள மர வாங்குகளை அடுக்கிச் செய்த கப்பலில் அக்கா முன்னால் நின்று கரைக்குத் திரும்பி வந்தாள். தீவுக்காரர்கள் நாங்கள் பத்திரிகைத் தாளைக் கசக்கி எறிந்தோம். மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு எறிந்தார்கள். நான் என் பந்தை இறுக்கி உருட்டி, மனதார எறிந்தேன். அது அவள் கன்னத்தில் பட்டது.

'ஊருக்குத் திரும்பி வந்துவிட்டோம்' என்ற டேனிஷ் வசனத்தை அவள் நாள்தோறும் குளியலறையில் பாடமாக்கியிருந்தாள். அது அவள் வாயில் வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றவள், திடீரென்று தமிழில் கத்தினாள்.

"அம்மா, என்னை இறங்க விடுங்கோ! நான் போகமாட்டன்!"

அதைக் கிரேக்கம் என்று நினைத்த டேனிஷ்காரர்கள் பலமாகக் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, நாடகத்தின் நடுவே நடந்து வந்து, அவளைக் கப்பலிலிருந்து தூக்கி இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வசனத்தை மறந்தவளுக்கு அணைப்பு. பிழையில்லாமல் நடித்த என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் என் பக்கத்தில் இருந்தாள். மெல்லச் சொன்னாள்.

"உன்ர அம்மா எழும்பி வந்தவ."

பெருமையடிக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சொன்னது என் அம்மாவைப் பற்றி அல்ல, பெரியம்மாவைப் பற்றி என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் பிடித்தன.