தண்ணீருக்குத் திறந்து வைத்த வீடு

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். மனைவிக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் நான் மட்டும் கிளம்பினேன். எனக்கு அது பெரிய காரியம். தளவாய்புரத்தில் நைட்டிக்குத் துணி வெட்டுகிறவன் நான். நாளெல்லாம் மேசையைப் பார்த்துக் குனிந்து நிற்கிற வேலை. சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கத் தெரியாது.

மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். மீன்பிடிக்கிற குடும்பம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல். மழை வலுப்பதற்குள் அவளை ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் என் தவிப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிகூடப் பார்த்து வைத்திருந்தோம். ஆனால் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கோயில் மணி விடாமல் அடித்தது.

"ஆத்துல தண்ணி வருதாம். தேரிக்குக் கெளம்புங்க," என்றார் சம்பந்தியம்மா. பந்திக்குக் கூப்பிடுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

தேரி என்பது ஊருக்கு மேற்கே இருக்கிற செம்மணல் மேடு. வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள், கோயிலில் இருக்கிற புனிதரின் சின்னச் சுரூபத்தை அங்கே தூக்கிப்போய் வைத்து, ஊரே சோறு பொங்கிச் சாப்பிடுமாம். மகள் போனில் சொல்லியிருக்கிறாள். நாங்களும் இயேசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள்தான், ஆனால் எங்கள் சபையில் சுரூபமும் கிடையாது, மேட்டுச் சோறும் கிடையாது. ஏதோ திருவிழா என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது அதே திருவிழாதான் மழையில் நடந்தது. முன்னால் சுரூபம் போனது. பின்னால் வயதானவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பின்னால் அண்டா. யார் எதைத் தூக்குவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"போன மாசந்தான சோறு போட்டோம்? புனிதருக்கு அதுக்குள்ள பசிச்சிருச்சா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஏலே, ஒனக்குப் பசிக்குன்னு சொல்லு. அவரு தலையில ஏன் போடுத?" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். இவர்கள் பயந்து ஓடுகிறார்களா, சாப்பிடப் போகிறார்களா என்று எனக்கு விளங்கவில்லை.

என் பையை எடுக்க வீட்டுக்குள் போனேன். அரிசி, பாத்திரம், துணி எல்லாம் பரணுக்கு ஏறியிருந்தன. முன்வாசலும் புறவாசலும் விரியத் திறந்து கிடந்தன. வீட்டில் ஆள் இல்லை. அவசரத்தில் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். புறவாசலுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன். நான் துணி வெட்டுகிற கடையின் பூட்டு எப்போதும் என் பையில் இருக்கும். அதை எடுத்து முன்கதவில் போட்டு, இழுத்தும் பார்த்துவிட்டு வந்தேன். என்னாலும் ஒரு உபகாரம் ஆயிற்றே என்று மனதுக்கு இதமாக இருந்தது.

தேரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மரம் இருந்தது. எங்கள் சம்பந்திக்கு ஒரு உடைமரம். மகள் அதன் கீழே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீட்ட நெனச்சு வெசனப்படாத. ரெண்டு கதவையும் பூட்டிட்டேன்," என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. "சாவி எங்கப்பா?"

அதற்குள் மாப்பிள்ளை கை நீட்டிவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி ஓடினார். கீழே தெருவில் தண்ணீர் நுழைவது அங்கிருந்தே தெரிந்தது. நான் கூடவே எழுந்தேன். எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன். மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு தெருவையே பார்த்திருந்தாள்.

மாப்பிள்ளை இரண்டு கதவையும் திறந்துவிட்டு, இடுப்புவரை நனைந்து திரும்பி வந்தார். பூட்டை என் கையில் கொடுத்து, "நல்ல பூட்டு மாமா," என்றார்.

சம்பந்தியம்மாதான் ஆரம்பித்தார். "ஏன் சம்மந்தி, ஒங்க ஊருல பூட்டுனா தண்ணி திரும்பிப் போயிருமோ?"

எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் கேட்டேன், "கதவ எதுக்குத் தொறந்து போடுதீக?"

"புனிதரு வீடு வீடா நடந்து வருவாரு. வழி விட வேண்டாமா?"

சம்பந்தி குறுக்கே பேசினார். "அது அவ சொல்லுதது. முன்னால வந்த தண்ணிக்குப் பின்னால போக வழி இல்லன்னா செவத்தத் தள்ளிட்டுத்தான் போவும்."

"அதெல்லாம் இல்ல," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "எங்க பாட்டன் காலத்துல ஆறு மொகம் மாறி ஒரு தெருவையே கொண்டு போயிருச்சு. மிச்சப்பட்ட சனம் இந்த மேட்டுல பொங்கித் தின்னு, இனிமே கதவடைக்க மாட்டோம்னு நேந்துகிட்டாக."

எதை நம்புவது என்று நான் யோசிப்பதற்குள், சோற்றில் உப்பு இல்லை என்று பேச்சு திரும்பிவிட்டது. சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு. நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் இறங்கிப் போனோம். வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. சுவர்கள் அப்படியே நின்றன. தெருக்கோடியில் சுற்றுச்சுவர், இரும்புக் கேட்டோடு கட்டியிருந்த புதுவீட்டின் பக்கச்சுவர் சாய்ந்து கிடந்தது. அது பூட்டியிருந்ததாலா, அஸ்திவாரம் மோசமா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை.

சேறு வழித்துக்கொண்டிருந்த மகளைத் தடுத்து உட்கார வைத்தேன்.

"ஏட்டி, ரோடு சரியானதும் கெளம்பிருவோம். இங்க பயமா இருக்கு."

"வாரேம்ப்பா. வராம என்ன?" என்றாள். கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தபடி, "நம்ம வீட்டுக்குத்தான் புறவாசலே இல்லையே," என்றாள்.

இருந்தது. திருட்டுப் பயத்தில் நான்தான் செங்கல் வைத்து அடைத்தேன். வீட்டுக்குப் பின்னால் முன்பு ஓர் ஓடை இருந்தது. இப்போது அதன்மேல் சிமெண்ட் போட்டு வீடுகள் வந்துவிட்டன. அவளைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றக் கூட்டிப் போவதாகத்தான் வந்திருந்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து சேற்றை நான் வழிக்க ஆரம்பித்தேன்.

இப்போது மகள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தெரிந்த கொத்தனாரை வரவழைத்தேன். புறவாசலை அடைத்திருந்த சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல செவத்த எதுக்கு ஒடைக்கணும்?" என்றார். தண்ணீர் போவதற்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. காற்றுக்கு என்றேன்.

"சரி, கதவு உள்ள தெறக்கணுமா, வெளிய தெறக்கணுமா?"

சம்பந்தி வீட்டில் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல், நானாக முதன்முதலாகச் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் செத்த நேரம் சிரித்துவிட்டுத்தான் பேசினார்.

"அது கெடக்கட்டும் சம்மந்தி. மொதல்ல ஒங்க வீட்டுக்குத் தண்ணி எந்தப் பக்கமிருந்து வரும்? அதச் சொல்லுங்க."

எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனாலும் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. கொத்தனாரை இருக்கச் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே தெருவுக்கு இறங்கினேன். மேற்கே பார்த்தேன். பிறகு கிழக்கே பார்த்தேன். "இருங்க, பாத்துச் சொல்லுதேன்," என்றேன்.