அம்மா ருசி பாராத வான்கோழி

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மறைந்தவரைப் பொறுமையின் சிகரம் என்று எழுதுவது இத்தகைய மலர்களில் வழக்கம். எங்கள் அம்மாவைப் பற்றி அப்படி எழுதினால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். பேருந்து கொஞ்சம் பிந்தினாலும் சாரதிக்கு ஏச்சு விழும். பூசையில் பிரசங்கம் நீண்டால் முந்தானையால் விசிறத் தொடங்குவார். ஆனால் ஒரேயொரு விடயத்தில் அம்மா வாழ்நாள் முழுக்கப் பொறுமையாக இருந்தார். அதைத்தான் மூத்த மகளாகிய நான் எழுத வந்தேன்.

அம்மா பாப்பாமோட்டையில் நெல் விதைக்கும் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த அவரை வளர்த்தது ஒரே அண்ணன், எங்கள் மாமா. தோட்டவெளியைச் சேர்ந்த அப்பாவை அம்மா விரும்பி, ஞானஸ்நானம் பெற்று, கத்தோலிக்க முறைப்படி மணந்தபோது மாமா வாசல் படலையடியில் நின்றே சொன்னாராம்:

"மச்சம் காய்ச்சுற வீட்டில நான் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்."

அண்ணன் தன் வீட்டில் ஒரு பிடி சோறு சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு அம்மாவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்காக அவர் மீன், இறைச்சி எதையும் வாயில் வைக்கவில்லை. மரக்கறி சமைக்கத் தனிச் சட்டிகள் வைத்திருந்தார். அவற்றை நாங்கள் தொட்டால் கை முறிந்துவிடும்.

"அண்ணை எண்டைக்கோ ஒருநாள் வருவார். நீ மாறிப்போனாய் எண்டு அவர் என்னைச் சொல்லக்கூடாது" என்பார்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கைப்பட்டதோ கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு வான்கோழி இல்லாவிட்டால் பண்டிகையே வரவில்லை என்று நினைக்கும் வீட்டில். அம்மா முகம் சுளிக்காமல் கற்றுக்கொண்டார். முதல்நாளே உப்பு, மிளகு, உள்ளி, தேசிக்காய்ப்புளி பூசி ஊறவைப்பார். பாண் ரொட்டித் தூளோடு வதக்கிய வெங்காயம், பொடியாக வெட்டிய ஈரல், முந்திரிக் கஜு, பிளம்ஸ் என்ற உலர்ந்த திராட்சை, ஒரு சிட்டிகை கறுவாத்தூள் எல்லாம் பிசைந்து வயிற்றுக்குள் அடைத்து, சாக்கூசியால் தைப்பார். வீட்டில் பெரிய அடுப்பு ஏது? நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம், பாண் இறக்கியபின் சூடு ஆறாமல் கிடக்கும் பேக்கரிப் போறணைக்குத்தான் எங்கள் வான்கோழி ஓட்டோவில் போகும். நெஞ்சுப்பகுதி கருகாமல் வாழையிலை மூடி, இடையிடையே பட்டர் பூசச் சொல்லி, போறணை வாசலிலேயே அம்மா காவல் நிற்பார்.

தட்டில் வடிந்த கொழுப்பிலும் சாறிலும்தான் கிறேவி. கொழுப்பில் கோதுமை மாவைச் சிவக்க வறுத்து, கழுத்தெலும்பு அவித்த தண்ணீரைச் சிறிதுசிறிதாக விட்டு, கட்டி விழாமல் துழாவுவார். பிறகு பக்கத்தில் யார் நின்றாலும் அவரது உள்ளங்கையில் ஒரு சொட்டு விழும்.

"உப்புக் காணுமோ?"

"கொஞ்சம் போடலாம் அம்மா."

"கொஞ்சமெண்டா எவ்வளவு? ஒழுங்காச் சொல்லு!"

எங்கள் நாக்கை நம்பித்தான் அவர் சமைத்தார். வாசனை பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அம்மாவுக்கு அந்த மணத்தில் ஆசை இருந்தது, எனக்குத் தெரியும்.

யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த ஆண்டுகளில் வான்கோழிக்கு எங்கே போவது? ஒருமுறை நாட்டுக்கோழி ஒன்றைச் சட்டிக்குள் வைத்து, மூடிமேல் தணல் கொட்டி வாட்டித் தந்தார். அப்பா மறைந்தபின் தையல் தைத்து எங்களைப் படிப்பித்தார். மாமா குடும்பம் படகேறித் தமிழ்நாட்டு அகதி முகாமுக்குப் போய், பிறகு ஊர் திரும்பியது. நல்லது கெட்டதுக்குச் செய்தி சொல்லியும் மாமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த ஆண்டின் நத்தாரன்று மாமா வந்தார். அறிவிக்காமல், பஸ்ஸில், தனியாக. வாசலில் அவரைக் கண்டதும் அம்மா அழுதார், பிறகு வழக்கம்போல ஏசினார்.

"ஒரு சொல் சொல்லிப்போட்டு வந்திருக்கலாமெல்லோ? இப்ப நான் என்னத்தைச் சமைக்க?"

உடம்பு ஏலாத நிலையிலும் தன் சட்டிகளை இறக்கி, பருப்பு, முருங்கைக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி என்று தனியடுப்பில் சமைத்தார். மாமாவைக் கதிரையில் இருத்தி, வாழையிலை போட்டுப் பரிமாறினார். மாமா மேசையின் மறுகரையில் இருந்த வான்கோழியைப் பார்த்தார்.

"எனக்கும் அதில ஒரு துண்டு வையன் தங்கச்சி."

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது.

"நீங்கள் மச்சம் சாப்பிடுவியளோ அண்ணை?"

"முகாமில பழகினது. குடுத்ததைத் தின்னாட்டி பட்டினிதானே." மாமா பக்கத்தில் இருந்த அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். அதில் பருப்பும் சோறும் மட்டும். "நீ இன்னும் சைவமோ? நான் அண்டைக்குச் சொன்னதாலயோ?"

இவ்வளவு காலமும் நாக்கைக் கட்டியது வீணா? அம்மா வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார்.

"சீ, உங்களுக்கென்ன விசரே? எனக்கு இதின்ர மணமே பிடிக்காது."

நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, உள்ளே அடைத்ததையும் அள்ளி வைத்து, மேலே கிறேவி ஊற்றினார். மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அதன்பின் மாமா ஞாயிறுதோறும் சாப்பிட வந்தார். உடல் தேறக் கோழிச் சூப்பாவது குடிக்கும்படி மருத்துவர் சொன்னார். நான் கெஞ்சினேன்.

"அம்மா, இனி ஆருக்காக விரதம்?"

"பிடிக்காதெண்டு அண்ணையிட்டச் சொல்லிப்போட்டன். இப்ப குடிச்சா, தன்னாலதான் நான் சைவமா இருந்தனெண்டு அவருக்கு விளங்கிப்போடும். மனுசன் தாங்காது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசிவரை அவர் குடிக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த அன்று, மனம் பொறுக்காமல் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை.

"அவள் பொய் சொன்னது எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. நான் வளத்த பிள்ளையெல்லோ."

"பிறகேன் மாமா ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா அழுதுபோட்டு எழும்பியிருப்பன். அவள் சோத்தோட நிண்டவள். சாப்பிடுறதைவிட வேற என்னத்தை நான் அவளுக்குக் குடுக்கிறது?"

அம்மாவின் நோய்க்காலத்தில் இரத்தம் தந்த இளைஞர்களுக்கும், செபமாலை சொல்ல வந்த அயலவருக்கும், இறுதிப் பயணத்தில் தோள் தந்தவர்களுக்கும், பந்தல் போட்டுத் தேநீர் ஊற்றிய மச்சான்மாருக்கும், ஆண்டுதோறும் போறணையில் இடம் ஒதுக்கிய பேக்கரிக் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. இதை எழுத அனுமதி தந்த மாமாவுக்குத் தனியே ஒரு சொல்: அந்த ஞாயிறுகளில் எல்லாம் எங்கள் அம்மாவிடம் பசியோடு வந்தீர்களே, அதற்கு நன்றி மாமா.