சிறந்த பெயிண்டர் போட்ட கையெழுத்து

மாவட்டத்தின் சிறந்த பெயிண்டிங் கான்ட்ராக்டர் என்று எனக்கு ஒரு விருது கொடுத்தார்கள். கொடுத்தது ஒரு பெயிண்ட் கம்பெனி. திருநெல்வேலியில் ஏசி போட்ட ஓட்டல் ஹாலில், பின்னால் பெரிய திரையில் நான் வேலை செய்த வீட்டின் படங்கள் ஓட, மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி, கண்ணாடியில் செய்த ஷீல்டு ஒன்றைக் கையில் தந்தார்கள். அந்த விருதுக்கு நான் தகுதியானவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு எத்தனை வாளி பெயிண்ட் வாங்கினான் என்று பார்த்துக் கொடுக்கிற விருதுகளும் உண்டு. எனக்குக் கொடுத்தது வேலைக்காக.

கடையநல்லூரில் ஒரு வீடு. வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். இரண்டு மாடி உயரத்துக்கு மாடிப்படிச் சுவர் ஒன்று ஒரே நீட்டாக ஏறும். பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே போகும். அப்படி வெளிச்சம் விழுகிற சுவரில் எதையும் மறைக்க முடியாது. சுவரைச் சமமாக்கப் பட்டி வைத்த கை எங்கே அழுத்தியது, எங்கே தளர்ந்தது என்று எல்லாம் மேடும் பள்ளமுமாகத் தெரிந்துவிடும். அதை மூன்று தடவை தேய்த்தேன். கடைசித் தேய்ப்பை வேறு யாரிடமும் விடவில்லை. சென்னையிலிருந்து வந்த நடுவர்கள் இரண்டு பேரில் ஒருவர் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேலிருந்து கீழே வரை பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

விழாவுக்கு என் மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். அழைப்பு இல்லாமல் இன்னொருவரும் வந்தார். சங்கரன்கோவிலில் ஒரே கான்ட்ராக்டரிடம், ஒரே மாதத்தில், அவரும் நானும் வேலைக்குச் சேர்ந்தோம். எட்டு வருஷம் ஒரே சாரத்தில் நின்றிருக்கிறோம். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் ஏலே என்பார். தனித்தனியாகத் தொழில் ஆரம்பித்த பிறகும் அவர் ஏணி என்னிடமும் என் ரோலர் கம்பு அவரிடமும்தான் கிடக்கும். வெளிச்சுவர் வேலையில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். அன்றைக்குச் சைட்டுக்கு லீவு விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து, ஹால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பட்டியலில் பேர் இல்லை என்று வாசலில் இருந்த பையன் மறித்தான். என் அண்ணன் என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஷீல்டை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏலே, நம்ம ரெண்டு பேருல ஒருத்தனுக்குக் கெடைச்சா போதும்லே. மத்தவனுக்கும் கெடைச்ச மாதிரிதான்."

அந்த வாரமே பஸ் ஸ்டாண்டு பக்கத்து பெயிண்ட் கடையில் என் படம் போட்ட ஃபிளக்ஸ் ஏறியது. கையைக் கட்டிக்கொண்டு, கம்பெனி சட்டையில், ஆளுயரத்துக்கு மேல் நான். என் மனைவி காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எதிர்த்த பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தாள். காய் வாங்க மறந்துவிட்டாள்.

விருது வாங்கியவர்கள் கம்பெனியின் நிபுணர் குழுவில் இருப்பார்கள் என்று கம்பெனி ரெப் சொன்னான். சின்ன வயது, மரியாதையான பையன். எங்காவது புகார் வந்தால் கூட வந்து சுவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். பெருமையாகத்தான் இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து மேலநீலிதநல்லூரில் நான் அடித்த ஒரு காம்பவுண்டுச் சுவர் உரிய ஆரம்பித்தது. ஒரு விவசாயி வீடு. வெயிலில் தோல் உரிகிற மாதிரி, பெயிண்ட் தாள்தாளாகக் கிளம்பி நின்றது. அடியில் பூசிய பிரைமர் அசையவில்லை, மேலே அடித்த பெயிண்ட் மட்டும் வந்தது. ரெப்புக்குப் போன் செய்தேன். அன்றைக்கே வந்துவிட்டான். வாளியில் இருந்த பேட்ச் நம்பரைப் போட்டோ எடுத்தான்.

"அண்ணாச்சி, உங்க சைட்ட நாங்க பாத்துக்கிடுதோம். யார்ட்டயும் பேசிக்கிட வேண்டாம்" என்றான்.

அடுத்த வாரம் வேறு பேட்ச்சில் எட்டு வாளி வந்து இறங்கியது. பணம் கேட்கவில்லை. ஒரு கோட்டு பாக்கி இருந்தது, அடித்துத் தருகிறேன் என்று விவசாயியிடம் பொய் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு எங்கள் எல்லோருக்கும் மோர் கொடுத்தார். இவ்வளவு நல்ல கம்பெனியா என்றுகூட அன்றைக்கு நினைத்தேன்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அண்ணன் போன் செய்தார். திருவேங்கடம் பக்கம் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு அவர் வெளிச்சுவர் அடித்திருந்தார். அதுவும் உரிந்துகொண்டிருந்தது. புகார் கொடுத்துப் பல நாள் ஆகியும் கம்பெனியில் இருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லையாம்.

"இப்பதாம்லே வாரோம்னு சொல்லிருக்காக. கூட உன்னையும் கூட்டிட்டு வாராகளாம். அதக் கேட்ட பெறவுதான் எனக்கு உசுரே வந்துச்சு. சுவத்தப் பாத்தா உனக்குத் தெரியாதா?"

"வாரேன் அண்ணே" என்றேன்.

பேட்ச் நம்பர் என்ன என்று கேட்டேன். சொன்னார். அதே நம்பர். என் சுவரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கம்பெனிக் காரில் போனோம். ரெப் ஓட்டினான். மதுரையிலிருந்து வந்த ஒரு ஆபீசர் முன்னால் இருந்தார். என்னை சார் என்று கூப்பிட்டார். சுவரை இன்னும் பார்க்காமலே, "ஈரமா இருக்கும் சார். இந்தக் கரிசல் மண்ணுல அஸ்திவாரம் வழியா ஈரம் ஏறும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அடுத்த வருஷம் தென் மண்டல அவார்டுக்கு உங்க பேரத்தான் அனுப்பப் போறோம்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஹெட்மாஸ்டர் வீட்டில் எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அண்ணன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வந்துட்டாம்லா" என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். டீயை அவரே கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

ஆபீசர் ஒரு மீட்டர் எடுத்தார். இரண்டு முள் இருக்கும், சுவரில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று எண் காட்டும். வீட்டைச் சுற்றி வந்தவர், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு மேலே, குழாய்க்குப் பக்கத்தில் குத்தினார். அங்கே குத்தினால் எந்த வீட்டிலும் ஈரம் காட்டத்தான் செய்யும். எண் ஏறியது. ரெப் போட்டோ எடுத்தான். வேறு எங்கும் குத்தவில்லை.

நான் மாடிக்கு ஏறினேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் உரிந்திருந்தது. நாள் முழுக்க வெயில் காய்கிற இடம், ஈரத்துக்கு வழியே கிடையாது. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு துளி பட்டி இல்லை, தூசி இல்லை. சுவரில் பிரைமர் வெள்ளையாக, கெட்டியாக அப்படியே இருந்தது. அண்ணன் செய்த வேலையில் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பெயிண்ட் தாளைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

ஹெட்மாஸ்டர் என்னைத்தான் கேட்டார். ஆபீசரைக் கேட்கவில்லை.

"தம்பி, எனக்கு மீட்டரெல்லாம் தெரியாது. நீங்க ப்ரைஸ் வாங்குன ஆளு. உங்க போர்டப் பாத்திருக்கேன். சொல்லுங்க, தப்பு பெயிண்ட்லயா, அடிச்ச ஆள்ட்டயா?"

அண்ணன் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லப் போகிற பதிலை முன்பே கேட்டுவிட்டவர் மாதிரி நிம்மதியாக இருந்தார்.

"ஈரம் இருக்கு சார்" என்றேன். "காய விட்டு அடிச்சிருக்கணும்."

ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அடுத்த வருஷ விருதுக்காக என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. என் சுவருக்கு வந்த எட்டு வாளி வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் மீதி. இன்னொன்றும் உண்டு. காரில் வந்து இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, சார் என்று கூப்பிடப்பட்டு, ஒரு பெரிய மனுஷனாக அங்கே நின்றேன். பக்கத்தில் நின்ற ஆபீசருக்கு எதிராகப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. இருபது வருஷமாக வீட்டுக்காரர்களிடம் சரி சார் சரி சார் என்று சொல்லியே வளர்ந்த நாக்கு.

ஈரத்தில் அடித்ததுதான் காரணம் என்று எழுதிய பேப்பரைக் கார் முன்பக்கத்தில் வைத்து என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பேருக்குக் கீழே விருதின் பேரையும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அண்ணன் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போட்டிருந்தால் நான் பேப்பரைக் கிழித்திருப்பேனோ என்னவோ. அதுவும் சந்தேகம்தான்.

மூன்றாம் நாள் தனியாக பைக்கில் அங்கே போனேன். சாரம் கட்டி, மேலே அவர் மட்டும் நின்று, பழைய பெயிண்டைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். சொந்தச் செலவில் திரும்ப அடித்துக் கொடுக்க ஒத்துக்கொண்டாராம். வேறு கம்பெனி வாளிகள் ஓரமாக இருந்தன. சுரண்டியதெல்லாம் என் தலையிலும் தோளிலும் விழுந்தது. நான் நகரவில்லை.

"அண்ணே, நானும் ஏறட்டுமா?"

சுரண்டுவதை நிறுத்தினார். கீழே பார்த்தார்.

"வேண்டாம். நீங்க கெளம்புங்க."

அவர் வாயிலிருந்து 'நீங்க' என்ற வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். பைக்கை உருட்டிக்கொண்டே தெரு முனை வரை வந்துதான் ஸ்டார்ட் செய்தேன்.

ஈரத்தில் அடிக்கிற ஆள் என்று அவருக்குப் பேர் ஆகிவிட்டது. என் கையெழுத்து போட்ட பேப்பரை பெயிண்ட் கடையில் கேட்பவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார்கள். அவரிடம் பேசி வைத்திருந்த இரண்டு வீடுகள் கைமாறின. அதில் ஒன்று என்னிடமே வந்தது. அதை நான் எடுக்கவில்லை என்று எழுத முடியாது. எடுத்தேன்.

அவர் கேரளாவுக்குப் போய்விட்டார். கான்ட்ராக்டராக இல்லை, இன்னொருவரிடம் தினக்கூலிக்கு. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்துவிட்டார். ஒதுங்கிப் போக முடியாத கூட்டம்.

"நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி?" என்றார்.

என்னைவிட மூத்தவர் என்னை அண்ணாச்சி என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேலநீலிதநல்லூருக்கு எட்டு வாளி போச்சாம்லா. கடை வண்டி ஓட்டுதவன் சொன்னான்."

"அண்ணே, அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லணும்னு..."

"சொல்லிருந்தா எனக்கும் எட்டு வாளி கெடைச்சிருக்கும். அம்புட்டுதான். அந்தப் பேப்பரும் வந்திருக்காது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். "அந்த மீட்டர எங்க குத்துனான்னு நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். நீங்க மாடிக்குப் போனதையும் பாத்தேன். போயிட்டு வாரேன்."

தென்காசி பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

தென் மண்டல விருது எனக்கு வரவில்லை. வந்திருந்தால் போய் வாங்கியிருப்பேன். அதற்கு முன்னால் கம்பெனியிலிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டார்கள், புளியங்குடியில் ஒரு சுவரைப் பார்க்க வேண்டும் என்று. முடியாது என்று நான் மறுத்ததாகவும், காரணத்தை நேருக்கு நேர் சொன்னதாகவும் என் மகனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. காய்ச்சல் என்று சொன்னேன். ரெப் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். இன்னொரு ஆளைக் கூட்டிப் போனார்கள். எனக்கு முந்தின வருஷம் விருது வாங்கியவர், எனக்கும் தெரிந்தவர்தான். அங்கேயும் ஈரம் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். புளியங்குடிப் பெயிண்டர் யார், அவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை.